வலதுபக்க இருக்கை

இருபத்தெட்டு நாளைக்கு மேல் ஒரே வண்டியைத் தரமாட்டார்கள், அது இந்த வாடகைக்கார் கம்பெனியின் சட்டம். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, வேறு வண்டியை வேறு சாவியோடு வாங்கி வரவேண்டும். இது ஏழாவது வண்டி, வெள்ளை, இன்று பன்னிரண்டு மணிக்குள் திருப்ப வேண்டும், இப்போது ஒன்பது இருபது. என் மனைவி செண்பாவை அவளுடைய ஆராய்ச்சி நிலையத்து வாசலில் இறக்கிவிட்டு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு மேல் இந்த வண்டி என்னோடு பேசாது. கழுவித் துடைத்து வேறு எவனுக்கோ கொடுத்துவிடுவார்கள், முந்தைய ஆறு வண்டிகளும் அப்படித்தான் போயின, அந்த ஆறிலும் என்னென்ன இருந்ததோ, நான் பார்க்கத் தவறியது எவ்வளவோ. பார்க்கத் தவறினேன் என்று நினைக்கும்போதே நெஞ்சு எரிகிறது, ஏனென்றால் பார்ப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். கோவில்பட்டியிலிருந்து நாகர்கோவில்வரை பதினான்கு வருஷம் விபத்து வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதினவன் நான். சர்வேயர் கோமதிநாயகம் வருகிறார் என்றால் ஒர்க்‌ஷாப்பில் ரேடியோவை நிறுத்துவார்கள். மாடு குறுக்கே வந்தது என்பான், பம்பரைத் தடவிப் பார்த்தால் புளியமரத்துப் பட்டை ஒட்டியிருக்கும். நிறுத்தி வைத்த வண்டியில் லாரி இடித்தது என்பான், ஸ்பீடாமீட்டர் முள் அறுபதில் செத்துக் கிடக்கும். மனிதன் என்ன வேண்டுமானாலும் சொல்வான், வண்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்படிப்பட்டவன் இத்தாலியில், உம்பிரியாவில், ஒரு மலைக்கிராமத்தில், மனைவியின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த கணவனாக, ஏழு மாதமாக வேலையில்லாமல் அடுத்த வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செண்பா திராட்சைக்கொடிக்கு வரும் நோய்களை ஆராய்கிறாள். இலையில் ஒரு புள்ளி விழுந்தால் போதும், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். நானும் இப்போது அதே வேலையைத்தான் செய்கிறேன், சம்பளம் இல்லாமல்.

மற்ற நாட்களில் அவளேதான் ஓட்டிப் போவாள், சாயங்காலம் அவள் வந்ததும் கீழே இறங்கிப்போய் வண்டியின் கிலோமீட்டரை நோட்டில் குறித்துக்கொள்வேன். மாதத்துக்கு இரண்டாயிரம்தான் ஓட்டலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதற்காகக் குறிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அது பாதி உண்மை. நிலையத்துக்குப் பதினொன்று, திரும்பிவரப் பதினொன்று, ஆக இருபத்திரண்டு. திங்கள் இருபத்திரண்டு, புதன் இருபத்திரண்டு, வியாழன் இருபத்திரண்டு. செவ்வாயும் வெள்ளியும் ஐம்பத்தாறு. ஒரு தடவை என்றால் கடைக்குப் போயிருப்பாள் எனலாம், இரண்டு தடவை என்றால் பாதை அடைத்திருக்கும், சுற்றி வந்திருப்பாள் எனலாம். நான்கு வாரமாக எட்டுத் தடவையும் ஐம்பத்தாறு. "இன்னைக்கு எங்கயும் போனியா?" என்று மூன்றாவது வாரம் கேட்டேன். "எங்க போக? லேப்பு, அதை விட்டா வீடு," என்றாள் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே. தலை நிமிரவில்லை, அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். கூடுதல் முப்பத்துநாலு, போகப் பதினேழு, வரப் பதினேழு. மேப்பை விரித்து டிபன்பாக்ஸ் மூடியைக் கவிழ்த்து நிலையத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். வட்டத்தின் விளிம்பில் மூன்று கிராமங்கள், ஒரு ஏரி, ஒரு மடம் வந்தன. கொர்ராதோவின் வீடு எங்கே என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கொர்ராதோ அவளோடு வேலை பார்ப்பவன், ஆறடி மூன்று அங்குலம், அறுவடை விருந்தில் அவளுடைய ரொட்டியில் ஆலிவ் எண்ணெயைத் தன் கையால் ஊற்றிக் கொடுத்தான், எனக்குப் பாட்டிலை நகர்த்தி வைத்தான். அதைக்கூட விட்டுவிடலாம். நேற்றுச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நோட்டோடு இறங்கிப் போய்க் கதவைத் திறந்தால், வலதுபக்க இருக்கை கடைசிப் பல்வரை பின்னால் தள்ளிக் கிடந்தது. இங்கே ஸ்டியரிங் இடதுபக்கம். அவள் தனியாக ஓட்டிப் போய் வந்தால் வலதுபக்கம் காலி. ஐந்தடி ஒரு அங்குலம் உயரமுள்ள என் மனைவிக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்த நெட்டைக்காலன் யார்.

இன்று காலை வண்டியில் ஏறியதும் அவள் கையைக் கீழே விட்டு இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். கடக், கடக், கடக். இது ஏன் இப்படிக் கிடக்கிறது என்று ஒரு வார்த்தை வரவில்லை. தெரியாதவள் என்றால் கேட்டிருப்பாள். நானும் கேட்கவில்லை. கையில் சான்று சேருமுன் கேள்வி கேட்கக் கூடாது, கேட்டால் எதிராளி கதையைத் தயார் பண்ணிக்கொள்வான், அது என் தொழில்பாடம். அந்தப் பாடத்தை நினைக்கும்போதெல்லாம் கயத்தாற்று மருந்துக்கடைக்காரர் வந்து தொலைக்கிறார். அவர் இப்போது எதற்கு. விபத்தான அவர் வண்டியில் டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் கிடந்தது, அவரோ குட்டை, ஆகவே ஓட்டியது அவரில்லை, லைசென்ஸ் இல்லாத வேறு எவனோ உயரமானவன் என்று எழுதி அனுப்பினேன், அவர் கேட்ட இன்சூரன்ஸ் பணம் நிராகரிக்கப்பட்டது. ஒரு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். சின்ன வயசிலிருந்தே மடங்காத இடது முழங்காலாம், காலை விறைப்பாக நீட்டி நீட்டி நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் நின்று வணக்கம் வைத்தார். அந்த வணக்கத்தைத்தான் என்னால், சரி விடு, வளைவு வருகிறது, எதிரே டிராக்டர், இந்த ஊர் டிராக்டர்காரர்கள் நடுரோட்டை விட்டு இறங்கமாட்டார்கள். அது வேறு, இது வேறு. கொர்ராதோவின் முழங்கால் நன்றாகத்தான் மடங்குகிறது. அப்புறம், போனில் கேட்ட அந்த மணிச் சத்தத்துக்கு என்ன பதில். நான் அவளுக்குப் பத்தரைக்கு ஒரு போன், ஒரு மணிக்கு ஒரு போன், மூன்றரைக்கு ஒரு போன் போடுவேன், வேறென்ன வேலை எனக்கு. சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய். செவ்வாய், வெள்ளி ஒரு மணிக்குப் போட்டால் குரல் தாழ்ந்திருக்கும். "மீட்டிங்ல இருக்கேன், பொறவு பேசுதேன்." போன வெள்ளி அந்த மீட்டிங்குக்குப் பின்னால் மணி கேட்டது, ஆட்டு மணி. கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு ஆட்டு மணி தெரியாதா. திராட்சை நோயைப் பற்றி ஆடுகளிடம் என்ன ஆலோசனை. இதற்கெல்லாம் இன்றோடு ஒரு முடிவு கட்டலாம், அதற்கும் வழி வைத்திருக்கிறேன். ஒப்பந்தம் என் பேரில். அதில் இரண்டாவது ஓட்டுநர் என்று ஒரு கட்டம் உண்டு, ஒவ்வொரு தடவையும் அதில் செண்பகவல்லி என்று எழுதுகிறேன். இன்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அவள் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. நானே கொண்டுவிடுவேன், நானே கூட்டிவருவேன். கேட்டால் சட்டம் மாறிவிட்டது எனலாம். இந்த யோசனை வந்த பிறகுதான் நேற்று எனக்குத் தூக்கமே வந்தது.

டாங்கை நிரப்பித்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும். ரயில் நிலையம் இருக்கும் ஊருக்குள் நுழையும் இடத்தில் பங்க். பங்க்காரர் பெட்ரோல் அடித்துக்கொண்டே டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைக் குனிந்து பார்த்து, யானையா என்று கேட்டார். ஆமாம், யானைதான் என்றேன். ஓரமாகத் தள்ளி நிறுத்தி, வழிகாட்டும் திரையைத் தட்டினேன். சமீபத்தில் சென்ற இடங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு என்று எனக்கு ஒரு மாதமாகவே தெரியும். ஏன் திறக்கவில்லை என்றால், பயம். பதினான்கு வருஷம் அடுத்தவன் வண்டிக்குள் தலையை விட்டபோது வராத பயம். அது திறந்தது. முதலில் அவளுடைய நிலையம், அடுத்து சூப்பர்மார்க்கெட், அடுத்து ரயில் நிலையம், நான்காவதாக ஸ்த்ராதா டெல்லே குவெர்ச்சே, கதவு எண் இல்லை. கருவேல மரத்துக்கும் கருவாலி மரத்துக்கும் வித்தியாசம் தெரியாத என்னிடம் செண்பாதான் ஒரு நாள் சொன்னாள், குவெர்ச்சே என்றால் கருவாலி, அதாவது ஓக் மரம் என்று. கருவாலிச் சாலை. கதவு எண் இல்லாத விலாசங்களில் எத்தனை திருட்டுத்தனம் பார்த்திருக்கிறேன். இங்கிருந்து பத்தொன்பது கிலோமீட்டர், இருபத்தாறு நிமிஷம் என்றது திரை. மணி பத்து ஐந்து. போய் வந்தாலும் பன்னிரண்டுக்குள் வந்துவிடலாம், டாங்க் கொஞ்சம் குறையும், குறையட்டும். பெண்குரல் ஒன்று இத்தாலியனில் வலதுபக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினேன். பச்சை ஜன்னல்கதவு போட்ட கல்வீடு ஒன்று வரும். கொர்ராதோ செருப்போடு வந்து கதவைத் திறப்பான். இல்லை, அவன் இப்போது நிலையத்தில் அவளோடுதான் இருப்பான், அதுவும் ஒரு வயிற்றெரிச்சல். யார் திறந்தாலும் என்ன கேட்பேன், எந்த பாஷையில் கேட்பேன். ஏழு மாதத்தில் நான் கற்றது ரொட்டி, தக்காளி, கீறல், இவ்வளவுதான். சூரியகாந்தி வெட்டிய காடுகள் கருத்துக் கிடக்கின்றன, எங்கள் ஊர்ப் பக்கம் மாதிரியே. கல்யாணமான புதுசில் ஒரு மத்தியானம் செண்பா அடுப்பங்கரைக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டாள். தட்டினேன். என்ன செய்யுத உள்ள என்றேன். ஒண்ணும் செய்யல என்றாள். ஒண்ணும் செய்யாம இருக்கதுக்கு எதுக்குத் தாழ்ப்பா என்றேன். வெளியே வந்து, "ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேக்காம இருந்தாப் போதும் எனக்கு," என்றாள். நான் சிரித்தேன், இங்க யாரு உன்னக் கேக்கா என்று கேட்டேன். அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. மாற்றுவதற்காக அன்று சாயங்காலமே கழற்றினேன், அப்புறம் மாற்றவில்லை. அது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது.

சேருமிடம் வந்துவிட்டது என்றது அந்தக் குரல். வீடு இல்லை. தார்ரோடு முடிந்து மண்பாதை ஒன்று கருவாலி மரங்களுக்கு அடியில் போய் நிற்கிறது, அதற்கப்பால் சரிவு, சரிவில் புல், கீழே ஆடுகள். இறங்கினேன். நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தேன், ஒரு தொழுவம்கூட இல்லை. அப்புறம் தொழில் என்னைக் குனிய வைத்தது. ஞாயிற்றுக்கிழமை மழையில் ஊறிய மண் இன்னும் முழுதாகக் காயவில்லை. நான் இப்போது வந்த தடத்துக்குப் பக்கத்தில் நேற்றைய டயர்த்தடம் தெளிவாக இருக்கிறது, இந்த வண்டியின் டயர்தான், முன் இடது டயரில் ஒரு ரப்பர்க்கட்டை பெயர்ந்திருப்பது அப்படியே பதிந்திருக்கிறது. அதற்கடியில் மழையில் பாதி கரைந்த பழைய தடங்களும் இதே டயர். வேறு டயர் எதுவும் இல்லை. நேராக வந்து, பள்ளத்தாக்கைப் பார்த்து நின்று, பின்னால் எடுத்துத் திரும்பியிருக்கிறது. காலடித்தடம் தேடினேன். ஆணின் பூட்ஸ் இல்லை, அவளுடைய செருப்பும் இல்லை, யாரும் இறங்கவே இல்லை. வண்டி நின்றிருந்த இடத்துக்கு வலதுபக்கம், ஜன்னலுக்கு நேர் கீழே, புல்லில் ஏதோ கருப்பாகக் கிடந்தது. மண்டிபோட்டுக் கையில் எடுத்தேன். கறிவேப்பிலை. அடியில் காய்ந்து நொறுங்கியவை, அவற்றுக்குமேல் கொஞ்சம் காய்ந்தவை, எல்லாவற்றுக்கும் மேலே நேற்று நான் கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தின் கறிவேப்பிலை, ஒரு மிளகாய் வற்றல் காம்பு, இரண்டு கடுகு. இந்த மலையில் கறிவேப்பிலை இருக்கும் வீடு ஒன்றே ஒன்றுதான், அவள் அம்மா நிழலில் காயவைத்துப் பார்சலில் அனுப்புவது. சாப்பிடும்போது அவள் அதை ஒதுக்கினால் நான் விடமாட்டேன், தின்னு, முடிக்கு நல்லது என்பேன், அவளும் எனக்கெதிரில் மென்று விழுங்குவாள். இங்கே ஒன்றுவிடாமல் பொறுக்கி வெளியே எறிந்திருக்கிறாள். வண்டிக்குள் போய் வலதுபக்க இருக்கையில் உட்கார்ந்து கடைசிப் பல்வரை பின்னால் தள்ளினேன். காலை நீட்டிப் பார்த்தேன், அவளுக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று புரியவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிக் காலை மேலே தூக்கிச் சம்மணம் போட்டேன். போட முடிந்தது. ஒரு பல் முன்னால் இருந்தாலும் முழங்கால் இடிக்கும். இறங்காமல் உள்ளேயே ஸ்டியரிங் இல்லாத பக்கம் தாண்டி வந்து, இருக்கையைத் தள்ளி, சம்மணம் போட்டு, மடியில் டிபன்பாக்ஸை வைத்துக்கொண்டு என் மனைவி தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறாள். கொர்ராதோ இல்லை, யாருமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

போன் அடித்தது. செண்பாதான். அவளாகப் போன் பண்ணுவது அபூர்வம். "எலுமிச்சம்பழத்த சொல்ல மறந்துட்டேன், பின்சீட்ல மஞ்சப்பைல இருக்கு. புது வண்டிக்கு நாலு டயருக்கும் வச்சு ஏத்திட்டுத்தான் எடுக்கணும், என்ன?" சரி என்றேன். "வண்டியக் குடுத்தாச்சா?" இன்னும் இல்லை என்றேன். அப்போது கீழே ஆடுகள் நகர்ந்தன, மணிகள் எல்லாம் சேர்ந்து ஒலித்தன. "அங்க என்ன மணிச் சத்தம்?" என்றாள். தாழ்ந்த குரல். "பங்க்ல நிக்கேன். பக்கத்துல சர்ச்சு," என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. "சரி," என்று வைத்துவிட்டாள். போனை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் கலைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எங்கே நிற்கிறாய் என்று ஒருத்தர் கேட்டு, அதற்குப் பொய் சொல்லிவிட்டு, வைத்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறதே, இதுதானே அவளுக்கு வாரம் இரண்டு தடவை. இல்லை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. யாரும் இல்லாத இடத்துக்கு ஒருத்தி பதினேழு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருகிறாள் என்றால் யாரைப் பார்க்க வருகிறாள் என்பது கேள்வி இல்லை, யாரிடமிருந்து வருகிறாள் என்பதுதான் கேள்வி. சான்றுகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கிலோமீட்டர் சரி, இருக்கை சரி, மணியும் சரி. அறிக்கையில் குற்றவாளியின் பெயரைத்தான் தப்பாக எழுதிவிட்டேன், மருந்துக்கடைக்காரருக்குச் செய்தது போலவே. வெட்கமாக இருந்தது. கொர்ராதோவாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், கோவில்பட்டிக்கு டிக்கெட் போட்டிருக்கலாம். இங்கே சண்டைபோட யார் இருக்கிறார்கள், என்னைத் தவிர. அவள் இங்கே வந்து என்ன செய்கிறாள், அழுகிறாளா, பாடுகிறாளா, அல்லது அடுப்பங்கரைக்குள் செய்தது போல ஒன்றும் செய்யாமல் இருக்கிறாளா என்று நினைத்தேன். நினைக்கும்போதே தெரிந்தது, இதுவும் கேள்விதான். இந்த இடத்துக்கு நான் வந்திருக்கவே கூடாது. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்த நிமிஷத்தில் இந்த இடம் போய்விடும், மாற்றப்படாத இன்னொரு தாழ்ப்பாளாக. கறிவேப்பிலையை எடுத்த இடத்திலேயே வைத்தேன். என் டயர்த்தடத்தை என்ன செய்வது என்று யோசித்தேன், பிறகு ஞாபகம் வந்தது, அது அவளுடைய டயர்த்தடமும்தான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கவுண்டரில் இருக்கும் ஒர்னெல்லா அம்மாளுக்கு என்னைக் கண்டால் சலிப்பு. ஒவ்வொரு தடவையும் புது வண்டியைச் சுற்றி வந்து நாற்பது போட்டோ எடுப்பேன், இருக்கிற கீறலையெல்லாம் எழுது எழுது என்று நிற்பேன். வெள்ளை வண்டியைச் சுற்றி வந்து, கீறல் இல்லை என்றாள். "விலாசமெல்லாம் அழிச்சிட்டீங்களா? அடுத்து வர்றவங்க பாக்கக் கூடாது பாருங்க," என்று கைவிரலால் திரையைக் காட்டினாள், ஆங்கிலமும் இத்தாலியனும் கலந்து. அதற்குள் போய் உட்கார்ந்து, நான்காவது வரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்தேன். படிவம் வந்தது. இரண்டாவது ஓட்டுநர், வழக்கம்போலத்தானே என்று கேட்டாள். வழக்கம்போலத்தான் என்றேன். செண்பகவல்லி என்று எழுதும்போது ஒரு எழுத்து தப்பி அடித்துத் திருத்தினேன். புது வண்டி சாம்பல் நிறம். "போட்டோ எடுக்கலியா?" என்றாள் ஒர்னெல்லா. வேண்டாம் என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பிறகு எலுமிச்சம்பழம் வைப்பதைப் பார்ப்பதற்காக வாசலுக்கு வந்து நின்றாள், அது மட்டும் அவளுக்குப் பிடிக்கும். நாலையும் நசுக்கி வண்டியை எடுத்தேன். பிள்ளையாரை இந்த டேஷ்போர்டில் ஒட்டினேன். பையிலிருந்து நோட்டை எடுத்து, மீட்டரைப் பார்க்காமல் மறுபடி பைக்குள் வைத்தேன். கிளம்புமுன் ஏனென்று தெரியாமல் குனிந்து வலதுபக்க இருக்கையைக் கடைசிப் பல்வரை பின்னால் தள்ளி வைத்தேன். அப்படி வைத்ததில் மனசுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

ஐந்து மணிக்கு அவள் நிலையத்து வாசலில் வந்து நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று உறைத்தது, பதினான்கு வருஷம் சான்று தேடினவன் ஒரு சான்றைக் கையோடு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். உட்கார்ந்தவள் காலை நீட்டினாள். கால் எங்கேயும் இடிக்கவில்லை. "இந்த சீட்ல யாரு உக்காந்தா?" என்றாள். நான் கியரைப் பார்த்தேன். "யாரும் உக்காரல. வண்டி கழுவுதவன் தள்ளியிருப்பான்." ம் என்றாள். கையைக் கீழே விட்டு இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். கடக், கடக், கடக். வண்டியை எடுத்தேன். முதல் வளைவு திரும்பினேன். "கிலோமீட்டர் எழுதிட்டீகளா?" என்றாள். "இல்ல. இந்த வண்டிக்குக் கணக்குக் கிடையாதாம். எவ்வளவு வேணும்னாலும் ஓட்டலாமாம்." அது இன்றைக்கு மூன்றாவது பொய். அவள் பிள்ளையாரைத் தொட்டு நேராக்கினாள். "வெள்ளிக்கிழம மத்தியானம் மீட்டிங் இருக்கு," என்றாள். "சரி." "ஒரு மணிக்கு போன் எடுக்க முடியாது." "சரி, நான் போடல." அந்தச் சரியில் அவள் முழுதாக என் பக்கம் திரும்பினாள். "என்ன ஆச்சு உங்களுக்கு? எதுவுமே கேக்க மாட்டேங்கீக." நான் ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. வீடு வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள், எங்கே இடித்திருக்கிறது என்று வண்டியைச் சுற்றிப் பார்ப்பதுபோல. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.